பிராக் நகரில் இரண்டரை நாள்: இருவராகப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

செக் நாட்டுத் தலைநகரான பிராக் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாள் வேணும்?" என்பதுதான். இரண்டரை நாள் போதும். ஆனால் அந்த ஊரில் நாள் கணக்கைவிட மணிக் கணக்குதான் முக்கியம். சார்லஸ் பாலத்தைக் காலை ஆறே முக்காலுக்குப் பார்ப்பதும் பதினோரு மணிக்குப் பார்ப்பதும் இரண்டு வேறு ஊர்களைப் பார்ப்பது மாதிரி. எதை எந்த நேரத்தில், எந்தக் கிழமையில், எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

எங்கள் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இவருக்கு, அதாவது என் கணவருக்கு, இடது முட்டி தகராறு. போனது செப்டம்பர் கடைசி, அதாவது புரட்டாசி. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கச் சைவம். முட்டி, சைவம் இரண்டும்தான் எங்கள் பயணத் திட்டத்தையே தீர்மானித்தன. இருபத்தைந்து வயதுத் தம்பதி என்றால் ஏறி இறங்கும் இடங்களில் என் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

கிளம்பும் முன்: விசா, மாதம், கிழமை

செக் நாடு 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. சேவை மையத்தின் கட்டணம் தனி. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன். கணவன் மனைவி ஆனாலும் விண்ணப்பம் தனித்தனிதான். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வியன்னா, புடாபெஸ்ட் என்று சேர்த்துப் போகிறவர்கள் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. அதனால் முதல் தடவை நுழைகிறவர்கள் விமான நிலையத்தில் வரிசை நீளும் என்று எதிர்பார்த்தே போங்கள்.

மாதம் என்றால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டம் தாங்காது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை அழகுதான், ஆனால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். பார்க்கும் நேரத்தில் பாதி போய்விடும்.

கிழமையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நாங்களும் கவனிக்கவில்லை, அந்தக் கதை பின்னால் வருகிறது. இரண்டே விஷயத்தை மனதில் வையுங்கள். யூதர் குடியிருப்பின் அருங்காட்சியகங்கள் சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். அந்தப் பண்டிகைகளில் பெரியவை செப்டம்பர், அக்டோபரில்தான் வரும். கோட்டைக்குள் இருக்கும் பேராலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், பார்வையாளர்களுக்குக் கதவு மதியத்துக்கு மேல்தான் திறக்கும். இதைத் தெரிந்துகொண்டு விமானச் சீட்டு எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

தங்குமிடம்: பச்சைப் பாதையை விடாதீர்கள்

பிராக்கில் மெட்ரோ 1974-ல் வந்தது. மூன்று பாதைகள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. நீங்கள் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி பச்சையில் இருக்கிறது. பழைய நகரச் சதுக்கத்துக்கும் யூதர் குடியிருப்புக்கும் ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாலோஸ்ட்ரான்ஸ்கா, வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்கு முஸ்டெக் அல்லது முசேயும். விமான நிலையத்திலிருந்து வரும் 59-ஆம் எண் டிராலிபஸ் கொண்டுவந்து விடுவதும் இதே பச்சைப் பாதையின் வெலெஸ்லாவீன் நிலையத்தில்தான்.

பழைய நகரத்துக்குள்ளேயே அறை எடுக்க ஆசையாக இருக்கும். வேண்டாம். விலை அதிகம், இரவெல்லாம் குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள் அதைவிட அதிகம். நாங்கள் எடுத்தது வினோஹ்ராடி பகுதியில், நாமியெஸ்டி மீரு நிலையத்துக்குப் பக்கத்தில். மரங்கள் வரிசையாக நிற்கும் அமைதியான தெருக்கள். குடும்பங்கள் வாழும் இடம். அந்த நிலையம் தரைக்குக் கீழே 53 மீட்டர் ஆழம். நகரும் படிக்கட்டில் நின்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல் இறங்கிக்கொண்டே இருப்போம். பாதியில் இவர், "பாதாள லோகத்துக்கே போறோமா?" என்றார். இன்னொரு பெரிய வசதி, 22-ஆம் எண் டிராம் அங்கே நிற்கும். அந்த டிராமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பயணத்தின் உண்மையான வழிகாட்டி அதுதான்.

பயணச்சீட்டு 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி நேரம், 72 மணி நேரம் என்று கிடைக்கும். மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. வியாழன் மதியம் வந்து ஞாயிறு கிளம்புகிறவர்களுக்கு 72 மணி நேரச் சீட்டு கச்சிதம். மெட்ரோ வாசலில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் தடுக்க மாட்டார்கள். அதை நம்பி இறங்கிவிடக் கூடாது. காகிதச் சீட்டு என்றால் முதல் தடவை ஏறும்போது மஞ்சள் பெட்டியில் செருகி நேரம் அச்சடிக்க வேண்டும். அச்சடிக்காத சீட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். சாதாரண உடையில் பரிசோதகர்கள் வருவார்கள், அபராதம் ஆயிரம் கொருனாவுக்கு (செக் நாணயம்) குறையாது.

பணம்: யூரோ அல்ல, கொருனா

செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் யூரோவுக்கு மாறவில்லை. கார்டு ஏறக்குறைய எல்லா இடத்திலும் செல்லும். கட்டணக் கழிப்பறை மாதிரி சின்னச் செலவுகளுக்காகக் கொஞ்சம் சில்லறை வைத்திருந்தால் போதும்.

இங்கேதான் நாங்கள் முதல் நாளே அடி வாங்கினோம். சுற்றுலாத் தெரு ஒன்றில் 'கமிஷன் இல்லை' என்று பெரிதாக எழுதியிருந்த ஒரு பணமாற்றுக் கடையில் இவர் நூறு யூரோவை நீட்டினார். அப்போது யூரோவுக்கு 24, 25 கொருனா போய்க்கொண்டிருந்தது. கைக்கு வந்ததோ 1,800 சொச்சம். கமிஷன் இல்லைதான், விகிதத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். நல்ல வேளையாக அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து, 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரசீதைக் காட்டி ரத்து செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. விடுதி வரவேற்பில் இருந்த பெண் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். திரும்பிப் போய்ச் சட்டத்தைச் சொன்னதும் கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே நூறு யூரோவைத் திருப்பிக் கொடுத்தார். ஆகவே ரசீதைக் கசக்கி எறியாதீர்கள்.

ஏடிஎம்மில் எடுத்தால் வங்கிக் கட்டடத்தோடு சேர்ந்த இயந்திரமாகப் பாருங்கள். "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா?" என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். கொருனாவிலேயே கணக்காகட்டும், மாற்று விகிதத்தை உங்கள் வங்கி பார்த்துக்கொள்ளும்.

முதல் மாலை: கடிகாரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வந்து இறங்கிய மாலையில் பழைய நகரச் சதுக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லோரும் போவது வானியல் கடிகாரத்தைப் பார்க்கத்தான். காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கொரு தடவை மேலே இரண்டு சன்னல்கள் திறக்கும், பன்னிரண்டு சீடர்களின் உருவங்கள் வரிசையாகக் கடந்து போகும், பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு மணி அடிக்கும், கடைசியில் சேவல் கூவும். அவ்வளவுதான், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். "இதுக்கா இவ்வளவு கூட்டம்?" என்று பாதிப் பேர் முகம் வாடித் திரும்புவார்கள். எல்லோரும் தலையை மேலே தூக்கி நிற்கும் அந்த நேரம்தான் ஜேப்படிக்காரர்களின் முகூர்த்த நேரம்.

என் யோசனை, பொம்மைகள் ஓய்ந்து கூட்டம் கலைந்த பிறகு பத்து நிமிடம் நின்று கடிகாரத் தட்டைப் பாருங்கள். 1410-ல் காடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்தது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வானியல் கடிகாரங்களில் இதுதான் மிகப் பழையது. (செய்தவர் இன்னொன்று செய்துவிடக் கூடாதென்று கண்ணைக் குருடாக்கினார்கள் என்ற கதையை அங்கே யாராவது சொல்வார்கள். அது வெறும் கதை.)

தட்டின் நடுவில் இருப்பது பூமி. கோப்பர்நிக்கஸ் பிறப்பதற்கு முந்தைய கடிகாரம் அல்லவா, சூரியன்தான் பூமியைச் சுற்றும். நீலப் பகுதி பகல், கருப்பு இரவு, இடையில் உள்ள சிவப்புப் பழுப்பு விடியலும் அந்தியும். வெளி வளையத்தில் தங்க நிறத்தில் 1 முதல் 24 வரை விசித்திரமான பழைய எண்கள் இருக்கும். அது பழைய செக் நேரம். சூரியன் மறையும்போது ஒரு நாள் முடிந்து அடுத்த நாள் தொடங்கும். அஸ்தமனம் தள்ளிப்போகப் போக அந்த வளையமே வருடம் முழுக்க மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். நீலப் பகுதிக்குள் வளைந்து ஓடும் தங்கக் கோடுகள் பகலைப் பன்னிரண்டாகப் பிரிப்பவை. பகல் நீண்டால் அந்த மணியும் நீளும், குளிர்காலத்தில் சுருங்கும்.

இதற்கு மேல் மையம் விலகிய ஒரு வளையம் சுற்றும். அதில் இருப்பவை பன்னிரண்டு ராசிகள். படங்களாக இல்லை, குறியீடுகளாக இருக்கும், உற்றுப் பார்த்தால் நமக்குப் புரிந்துவிடும்: மேஷத்துக்கு ஆட்டுக் கொம்பு, ரிஷபத்துக்குக் காளைத் தலை, துலாத்துக்குத் தராசு. சூரியன் பொருத்திய கை எந்த ராசியில் நிற்கிறது என்று இவர் உற்றுப் பார்த்துவிட்டு, "தப்பா இருக்கே. புரட்டாசில சூரியன் கன்னியில இல்ல இருக்கணும்? இது துலாம் காட்டுது" என்றார். கடிகாரமும் தப்பில்லை, இவரும் தப்பில்லை. மேற்கத்திய முறையில் சம இரவு நாளிலிருந்து ராசியை எண்ணுவார்கள். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறது. இரண்டுக்கும் இப்போது 24 பாகை வித்தியாசம். அதனால் செப்டம்பர் 23 வாக்கில் பிராக் கடிகாரத்தில் சூரியன் துலாத்துக்குள் போய்விடும், நம் கணக்கில் ஐப்பசி பிறக்கும்போதுதான் போகும். அறுநூறு வருடப் பழைய இயந்திரத்தோடு அரை மணி நேரம் வாதாடிய திருப்தியில் இவருக்கு முட்டி வலியே மறந்துவிட்டது.

அங்கிருந்து இரண்டடி நகர்ந்தால் மாநகர மன்றத்தின் பக்கவாட்டில், தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள். 1621 ஜூன் 21 அன்று ஹப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சிக்கு எதிராகக் கலகம் செய்த 27 பேரை அங்கே கொன்றார்கள். அதன்மேல் நின்றுகொண்டுதான் எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். எதிரே இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் டீன் தேவாலயத்துக்குள் வானியலாளர் டைகோ பிராஹேயின் கல்லறை இருக்கிறது. 1601-ல் இந்த ஊரில்தான் இறந்தார். அவர் சேர்த்து வைத்த அளவீடுகளை வைத்துத்தான் கெப்ளர் இதே ஊரில் உட்கார்ந்து கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கண்டுபிடித்தார்.

வெள்ளி காலை: பாலம், அப்புறம் 22-ஆம் எண் டிராம்

அலாரம் ஐந்தே முக்காலுக்கு. திட்டிக்கொண்டே எழுந்திருங்கள், பரவாயில்லை. செப்டம்பர் கடைசியில் சூரிய உதயம் ஏழு மணிக்குச் சற்று முன். ஸ்டாரோமியெஸ்ட்ஸ்காவில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் பாலம் வந்துவிடும்.

அரசர் நான்காம் சார்லஸ் 1357-ல் அடிக்கல் நாட்டியது. நீளம் 516 மீட்டர், இரு பக்கமும் 30 சிலைகள். அடிக்கல் நாட்டிய நேரம் 1357-ஆம் ஆண்டு, 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5:31 என்று சோதிடர் குறித்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள்: 1 3 5 7 9 7 5 3 1. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. உண்மையோ இல்லையோ, நல்ல நேரம் பார்த்து வேலை தொடங்கும் பழக்கம் நமக்கு மட்டும் இல்லை என்று தெரிந்ததில் ஒரு சந்தோஷம்.

பழைய நகரத்திலிருந்து நடந்தால் பாதி வழியில் வலப்பக்கம் புனிதர் நெபோமுக் யோவான் சிலை, தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரங்களோடு. அரசியின் பாவசங்கீர்த்தனத்தை அரசனிடம் சொல்ல மறுத்ததால் 1393-ல் ஆற்றில் தள்ளப்பட்டார் என்பது மரபுக் கதை. பீடத்தில் உள்ள தகடுகள் தொட்டுத் தொட்டுப் பொன்னாக மின்னும். பகலில் அதற்குத் தனி வரிசையே நிற்கும். நாங்கள் போனபோது ஒரு திருமண ஜோடியும் அவர்களுடைய புகைப்படக்காரரும் தவிர யாரும் இல்லை. ஆற்றின்மேல் மூட்டம், கோட்டை மட்டும் மேலே மிதக்கிற மாதிரி. இருவரும் அரை மணி நேரம் பேசவே இல்லை. எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

பாலத்தைக் கடந்து, காபி குடித்துவிட்டு, மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தில் 22-ஆம் எண் டிராம் ஏறுங்கள். கோட்டைக்குப் பெரும்பாலோர் நெருதோவா தெருவில் மூச்சு வாங்க ஏறிப் போவார்கள், அல்லது மாலோஸ்ட்ரான்ஸ்கா பக்கமிருந்து படிக்கட்டில். நீங்கள் டிராமிலேயே குன்றைச் சுற்றி மேலே போய், ப்ராஜ்ஸ்கி ஹ்ராட் நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து வடக்கு வாசலுக்குச் சமதளம், ஐந்து நிமிட நடை. பாதுகாப்புச் சோதனை வரிசையும் முன்வாசலைவிட இங்கே குறைவு. எட்டரைக்கெல்லாம் உள்ளே இருந்தால், ஒன்பதுக்குக் கட்டடங்கள் திறக்கும்போது முதல் ஆளாக நுழையலாம். முற்றங்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டடங்களுக்குள் போகத்தான் சீட்டு. அது இரண்டு நாள் செல்லும், எனவே ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இது தனிக் கோட்டை அல்ல, ஒரு குட்டி ஊர். ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது, சுமார் 70,000 சதுர மீட்டர். முதலில் புனித வீத்துஸ் பேராலயத்துக்குப் போங்கள். 1344-ல் தொடங்கி 1929-ல்தான் கட்டி முடித்தார்கள். இடப்பக்கம் மூன்றாவது சிற்றாலயத்தில் ஓவியர் அல்ஃபோன்ஸ் முக்கா வரைந்த வண்ணக் கண்ணாடிச் சன்னல். காலை வெளிச்சத்தில் நீலமும் பொன்னுமாக ஒளிரும். செலவை ஏற்ற காப்பீட்டு வங்கியின் பெயரும் அதன் அடியில் அழகாக எழுதப்பட்டிருக்கிறது. உபயம் எழுதாத கோயில் எங்கே இருக்கிறது!

அடுத்தது பழைய அரண்மனை. குதிரைமேல் ஏறி வந்து போட்டி நடத்தும் அளவுக்குப் பெரிய மண்டபம். குதிரைகள் ஏறுவதற்கென்றே அகலமாகக் கட்டிய படிக்கட்டு. பக்கத்து அறையின் சன்னலை மட்டும் தவறவிடாதீர்கள். 1618 மே 23 அன்று, கோபம் கொண்ட புரோட்டஸ்டன்ட் பிரபுக்கள் பேரரசரின் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் அந்தச் சன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். தேவதூதர்கள் தாங்கிப் பிடித்தார்கள் என்றது கத்தோலிக்கத் தரப்பு. குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. அதிலிருந்து தொடங்கிய போர் முப்பது ஆண்டு ஓடியது. சன்னல் பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும்.

பொற்சந்து கடைசி. பொம்மை வீடுகள் மாதிரி சின்னச் சின்ன வீடுகள். 22-ஆம் எண் நீல வீட்டில்தான் 1916-17 குளிர்காலத்தில் எழுத்தாளர் காஃப்கா உட்கார்ந்து எழுதினார். இப்போது நினைவுப்பொருள் கடை. பத்து நிமிடம் போதும்.

இறங்குவதைப் பற்றி எச்சரிக்கை. "ஏறத்தானே கஷ்டம், இறங்கும்போது நடந்துவிடலாம்" என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். முட்டி வலிக்காரர்களுக்கு இறக்கம்தான் எதிரி. கிழக்கு வாசலில் இறங்கும் நீண்ட படிக்கட்டு அழகானது, ஆனால் பாதியில் மாட்டிக்கொண்டால் திரும்பவும் முடியாது. வந்த வழியே போய் அதே 22-ஐப் பிடியுங்கள். முட்டி நன்றாக இருந்தால் மட்டும் நெருதோவா வழியாக இறங்குங்கள். அங்கே வீடுகளுக்கு எண் வருவதற்கு முந்தைய அடையாளச் சின்னங்கள், மூன்று பிடில், இரண்டு சூரியன் என்று வாசல்மேல் இன்னமும் இருக்கின்றன.

அதே டிராமில் ஹெல்லிஹோவா

கோட்டையிலிருந்து கீழே வரும் 22, மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்துக்கு அடுத்து ஹெல்லிஹோவா நிறுத்தத்தில் நிற்கும். இறங்கினால் வெற்றி அன்னை ஆலயம். பெயர் புதிதாகத் தோன்றலாம், ஆனால் உள்ளே இருப்பவரைத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். பெங்களூர் விவேக்நகரிலும் சேலம் பேராலயத்திலும் நாம் கும்பிடும் குழந்தை இயேசுவின் மூலச் சுரூபம் இங்கேதான் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்தது, 1628-ல் போலிக்சேனா என்ற சீமாட்டி கார்மேல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தார். அரை மீட்டருக்கும் குறைவான உயரம், மெழுகு பூசிய மரம். காலத்துக்கேற்ப ஆடை மாற்றுவார்கள். உலகம் முழுவதிலிருந்தும் காணிக்கையாக வந்த ஆடைகளில் சிலவற்றை மாடியில் உள்ள சின்னக் காட்சியறையில் வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. நாங்கள் இந்துக்கள். ஆனாலும் எங்கள் தெருவில் குழந்தை இயேசு படம் இல்லாத கிறிஸ்தவ வீட்டைப் பார்த்ததில்லை. அதனால் ஏதோ தெரிந்தவர் வீட்டுக்குப் போன மாதிரிதான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

புரட்டாசியும் பிராக்கும்

இப்போது சாப்பாடு. செக் சமையல் இறைச்சியில் முங்கி எழுவது. மாட்டிறைச்சிக் குழம்பு ஸ்விச்ச்கோவா, குலாஷ், பன்றிக்கறி வறுவல். கூடவே க்னெட்லிக்கி என்ற வெந்த மாவுருண்டைத் துண்டுகள். அசைவர்களுக்குக் குறையே இல்லை. வார நாட்களில் பதினொன்றிலிருந்து இரண்டு வரை 'தென்னி மெனு' என்ற மதியச் சாப்பாடு போடுவார்கள், அதுதான் மலிவு, அதுதான் ஊர்க்காரர்கள் சாப்பிடுவது.

சைவர்களுக்கு நாங்கள் பரீட்சித்த பட்டியல் இது. ஸ்மாஜெனி ஸீர், அதாவது பாலாடைக் கட்டியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது, உருளைக்கிழங்கோடு வரும். ப்ரம்போராக் என்ற பூண்டு மணக்கும் உருளைக்கிழங்கு அடை. பழம் வைத்த இனிப்புக் க்னெட்லிக்கி, இது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே போதும். முட்டையும் ஆகாது என்கிறவர்களுக்கு இந்த மூன்றிலும் சிக்கல்தான். அவர்கள் இந்திய உணவகமோ வீகன் உணவகமோ பார்த்துக்கொள்வது நல்லது, இரண்டும் நகரில் நிறைய. சூப் விஷயத்தில் ஜாக்கிரதை, காய்கறி சூப் என்பார்கள், கொதித்தது எலும்புத் தண்ணீரில். "பெஸ் மசா" என்றால் இறைச்சி இல்லாமல். நுழையும்போது "தோப்ரி தென்" என்று வணக்கம் சொன்னால் சிடுசிடு சர்வரும் கொஞ்சம் இளகுவார்.

பீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் செக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் உலகிலேயே அதிகம் குடிப்பவர்கள் அவர்கள்தான். பல இடங்களில் தண்ணீர் பாட்டிலைவிட மலிவு. புரட்டாசியில் கூடுமா என்று கேட்டேன். "வாற்கோதுமைதானே, சுத்த சைவம்" என்றார் இவர். மேசையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, கோப்பைக்கு ஒரு கோடு போடுவார்கள், அதுதான் பில். அதைத் தொலைக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

தெருவெங்கும் சுழன்று வேகும் ட்ரெடெல்நிக் என்ற சர்க்கரைச் சுருளைப் 'பழைய பிராக் பண்டம்' என்று விற்பார்கள். பழையதுமில்லை, பிராக்கினுடையதுமில்லை, சுற்றுலாக்காரர்களுக்காக வந்தது. வாசனை நன்றாக இருக்கும், ஒன்று வாங்கி இருவரும் பிய்த்துக்கொள்ளுங்கள்.

சனி: பூட்டிய கதவு காட்டிய வழி

சனிக்கிழமை காலை குளித்து முடித்து யூதர் குடியிருப்புக்குப் போய் நின்றால் எல்லாம் பூட்டு. சனிக்கிழமை ஓய்வு நாள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "ஏங்க, நீங்களாவது பார்த்திருக்கக் கூடாதா?" என்று நானும், "அட்டவணை போட்டது யாரு?" என்று அவரும் நடுத்தெருவில் ஒரு சுற்று முடித்துவிட்டு, மெட்ரோ ஏறி முசேயும் நிலையத்தில் சிவப்புப் பாதைக்கு மாறி விஷெஹ்ராட் போனோம்.

பயணத்தின் நல்ல காலைப்பொழுது அதுதான் அமைந்தது. ஆற்றங்கரைப் பாறைமேல் உள்ள பழைய கோட்டை. நிலையத்திலிருந்து ஏறக்குறையச் சமதள நடை, நுழைவுச் சீட்டு இல்லை, கூட்டம் இல்லை. பதினோராம் நூற்றாண்டு வட்டத் தேவாலயம் ஒன்று, மதில்மேல் நடந்தால் கீழே வில்தாவா ஆறு, தூரத்தில் கோட்டை. தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் ஸ்மெட்டனாவும் துவோர்ஷாக்கும் உறங்குகிறார்கள். சன்னலில் பார்த்த முக்காவும் இங்கேதான். எழுத்தாளர் கரெல் சாப்பெக்கின் கல்லறையும் இருக்கிறது. இன்று உலகமே பயன்படுத்தும் 'ரோபோ' என்ற சொல் அவர் 1920-ல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவர் அண்ணன் யோசெஃப்.

மதியத்துக்கு மேல் வென்செஸ்லாஸ் சதுக்கம். பெயர்தான் சதுக்கம், உண்மையில் முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள அகலத் தெரு. ஒரு காலத்தில் குதிரைச் சந்தை. 1968 ஆகஸ்ட்டில் சோவியத் டாங்கிகள் வந்து நின்றதும், 1989 நவம்பரில் லட்சக்கணக்கானோர் சாவிக்கொத்தைக் குலுக்கிக் கம்யூனிஸ்ட் ஆட்சியை அனுப்பி வைத்ததும் இங்கேதான். தேசிய அருங்காட்சியகத்தின் எதிரே தரையிலிருந்து புடைத்து எழும் வெண்கலச் சிலுவையைத் தேடிப் பாருங்கள். படையெடுப்பை எதிர்த்து 1969 ஜனவரி 16 அன்று தீக்குளித்த இருபது வயது மாணவர் யான் பாலாக்கின் நினைவிடம் அது.

தமிழ் படித்தவர்களுக்கு 1968-ஐப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழறிஞர் கமில் சுவெலபில் 1927-ல் பிறந்தது இந்த ஊரில்தான். இங்கிருந்தபடியே தமிழைக் கற்று, சார்லஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அந்தப் படையெடுப்புக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, கடைசியில் 2009-ல் பிரான்சில் மறைந்தார். அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

இரவுக்கு ஏதாவது இசை நிகழ்ச்சி வைத்துக்கொள்ளலாம். மோட்சார்ட் 1787 அக்டோபர் 29 அன்று தன் 'டான் ஜொவானி' இசைநாடகத்தை முதன்முதலாக அரங்கேற்றிய எஸ்டேட்ஸ் அரங்கு இன்றும் இயங்குகிறது. தெருவில் பழங்கால உடையில் நின்று சீட்டு விற்பவர்களிடம் வாங்காமல் அரங்கின் சீட்டுச் சாளரத்திலோ அதன் இணையதளத்திலோ வாங்குங்கள்.

ஞாயிறு: யூதர் குடியிருப்பு, விமானம்

விமானம் மாலையில் என்பதால் ஞாயிறு காலை ஒன்பதுக்கு மறுபடி அதே கதவு. இந்தத் தடவை திறந்திருந்தது. பின்காஸ் தொழுகைக்கூடத்தில் தொடங்குங்கள். உள்ளே சிலையோ படமோ இல்லை. சுவர் முழுக்கச் சின்ன எழுத்தில் பெயர்கள். நாஜிகள் கொன்ற பொஹீமியா, மொராவியா (இன்றைய செக் நாட்டுப் பகுதிகள்) யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேர். பெயர், பிறந்த நாள், கடைசியாகத் தகவல் கிடைத்த நாள். தூரத்திலிருந்து பார்த்தால் சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்த மாதிரி தெரியும். மாடியில் நாஜிகளின் டெரெசீன் முகாமில் அடைபட்ட குழந்தைகள் வரைந்த படங்கள்: வண்ணத்துப்பூச்சி, வீடு, ரயில். படத்துக்குக் கீழே குழந்தையின் பெயரும் தேதிகளும். நான் பாதிக்கு மேல் பார்க்கவில்லை.

வெளியே பழைய கல்லறைத் தோட்டம். பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து 1787 வரை இதே சின்ன இடத்தில்தான் புதைக்க வேண்டியிருந்தது. இடமில்லாமல் மண் கொட்டி மேலே மேலே, சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு. சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். களிமண் பூதம் கோலெமை உருவாக்கியதாகக் கதை சொல்லப்படும் யூத மதகுரு ரப்பி லோயெவின் கல்லறையில் சின்னக் கூழாங்கற்களும் மடித்த சீட்டுகளும் இருக்கும். அவற்றைத் தொடக் கூடாது. 1270 வாக்கில் கட்டிய பழைய-புதிய தொழுகைக்கூடத்துக்குள் ஆண்கள் தலையை மூட வேண்டும், வாசலில் தொப்பி கொடுப்பார்கள். இதற்கெல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

விமான நிலையத்துக்கு வந்த வழிதான்: பச்சைப் பாதை, வெலெஸ்லாவீன், 59. துபாய், தோஹா வழியாகப் போகிறவர்களுக்கு முதல் முனையம், ஷெங்கன் நாடுகளுக்குள் போகிறவர்களுக்கு இரண்டாம் முனையம். ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 கொருனாவுக்கு மேல் கண்ணாடிப் பாத்திரம் ஏதாவது வாங்கியிருந்தால் வரியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். கடையில் அதற்கான படிவம் கேட்டு வாங்கி, பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்கத்தில் பொருளைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். கண்ணாடியைக் கைப்பையிலேயே வையுங்கள்.

மிச்சமிருக்கும் கொருனா நாணயங்களை ஊரில் யாரும் மாற்றித் தர மாட்டார்கள், அங்கேயே தீர்த்துவிடுங்கள். கடைசிச் சில்லறையில் இவர் ஓப்லாட்கி என்ற வட்ட வேஃபர் ஒரு பெட்டி வாங்கினார். முட்டை சேர்த்திருப்பார்களோ என்று விமானம் ஏறும் வரை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் செக் மொழி.